இயல் தொடங்கும் சொல்: ஆய்வேட்டு முகவுரையில் தமிழ்வழக்கும் ஆங்கிலவழக்கும்

முதுகலை மாணவர் சிற்றாய்வேடு ஒன்றை எழுதி அளித்தல் வேண்டும் என்பது பாடத்திட்ட நெறி. முனைவர் பட்ட ஆய்வாளர்க்கோ தமிழில் எழுதிய ஆய்வேட்டின் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் தரவேண்டிய தேவை நேர்கிறது. இவ்விரு சாராரின் கையெழுத்துப் படிகளையும் ஆண்டுதோறும் திருத்தி வருபவன் என்ற முறையில், சிவப்பு மை மிகுதியாகப் படும் இடம் எது என எண்ணிப் பார்த்ததுண்டு. அது ஒவ்வோர் இயலின் முதற்பத்தியே ஆகும். உள்ளே நல்ல செய்திகள் இருக்கும். களத்தில் அலைந்து திரட்டிய அரிய சொற்கள் இருக்கும். ஆனால் வாயிலிலேயே இடறி விழுந்த தொடர் ஒன்று தேர்வாளரின் கண்ணில் முதலிற் படும். படித்தவர் மனம் அங்கேயே சுருங்கிவிடுகிறது.

என் முனைவர் பட்ட ஆய்வின் ஆங்கிலச் சுருக்கத்தை நெறியாளரிடம் தந்தபோது நிகழ்ந்ததை ஈண்டுக் குறிப்பிடுவது பிழையாகாது. ஆறு இயல்களுக்கும் ஆறு பத்திகள் எழுதியிருந்தேன். ஆறிலும் 'திஸ் சாப்டர் டிஸ்கஸஸ் அபௌட்' என்று தொடங்கியிருந்தேன். நெறியாளர் ஒன்றும் பேசவில்லை. ஆறு இடங்களிலும் 'அபௌட்' என்னும் சொல்லை மட்டும் வட்டமிட்டுத் திருப்பித் தந்தார். அவ்வட்டங்களின் பொருள் விளங்க எனக்கு இரண்டு நாள்கள் ஆயின. அன்று விளங்கியதை இன்று என் மாணவர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான்கு மொழிகள், ஒரே பிழை

ஓசூரும் கிருஷ்ணகிரியும் எல்லைப்புறப் பகுதிகள். அத்திப்பள்ளியை அடைந்தால் கருநாடகம். குப்பம் சாலையிற் சென்றால் ஆந்திரம். சிப்காட் தொழிற்பேட்டைகள் தோன்றிய பின்னர்த் தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து குடியேறின. எம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவருள் வீட்டில் தமிழ் பேசுவோர் ஒரு பகுதியினர். தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் மற்றொரு பகுதியினர். தக்னி உருது பேசுவோர் பிறிதொரு பகுதியினர். இந்நால்வகையினரும் ஆங்கிலம் எழுதுங்கால் வேறு வேறு பிழைகள் செய்வர் என்றே எவரும் எதிர்பார்ப்பர். வியப்பு யாதெனில், இயல் முகவுரையில் நால்வரும் ஒரே பிழையைச் செய்கின்றனர் என்பதே.

காரணம் தேடிச் சென்றால் விடை எளிதிற் கிட்டுகிறது. தமிழில் 'பற்றி' என்றும் 'குறித்து' என்றும் ஒரு சொல்லை இடையே வைக்கிறோம். தெலுங்கில் அவ்விடத்தில் 'குரிஞ்சி' நிற்கிறது. நம் 'குறித்து' என்பதன் உறவுச்சொல்லே அது. கன்னடத்தில் 'பக்கெ' நிற்கிறது. உருதுவில் 'கே பாரே மே' நிற்கிறது. நான்கு மொழிகளும் 'இதைப் பற்றி விவாதித்தல்' என்னும் அமைப்பையே உடையன. ஆங்கிலத்தின் 'டிஸ்கஸ்' என்னும் வினையோ தன் பொருளைத் தானே நேராக ஏற்பது. அதற்கும் அதன் பொருளுக்கும் இடையே எச்சொல்லும் புகுதல் ஆகாது. 'டிஸ்கஸஸ் தி ஃபோக் சாங்ஸ்' என்பதே முறை. 'எக்ஸ்பிளெய்ன்', 'டிஸ்கிரைப்', 'மென்ஷன்', 'அனலைஸ்', 'எக்ஸாமின்' ஆகியனவும் அவ்வகையினவே.

இதனைத் தமிழ் இலக்கணங்கொண்டே மாணவர்க்கு விளக்கலாம். 'பாடல்களை ஆராய்கிறது' என்று இரண்டாம் வேற்றுமை உருபாகிய ஐ மட்டும் நின்று பொருள் நிறைவுறுமாயின், அவ்வினைக்கு நேரான ஆங்கில வினைக்குப் பெரும்பாலும் 'அபௌட்' வேண்டா. 'பேசு' என்பது அவ்வாறு எளிதில் நிறைவுறாது. 'பாடல்களைப் பற்றிப் பேசுகிறது' என்றே வரும். ஆங்கிலத்திலும் 'டாக்', 'ஸ்பீக்' என்பவற்றுக்கு 'அபௌட்' தேவைப்படுகிறது. இச்சோதனை எல்லா இடத்தும் செல்லும் என்று கூறவில்லை. பத்தில் எட்டிடத்தில் கைகொடுக்கும். 'டீல்' என்பது அதற்கு அடங்காது. அஃது எப்போதும் 'வித்' என்பதோடு வரும். 'டீல்ஸ் அபௌட்' என்பது வழு. இதற்குத் தமிழில் ஒப்பில்லை. மனனம் செய்வதே வழி.

மாணவர் குழம்புதற்கு ஆங்கிலமும் ஓரளவு காரணமே. வினையாக நிற்கும்போது 'அபௌட்' ஏலாத அதே சொல், 'டிஸ்கஷன்' என்று பெயராகும்போது 'அபௌட்' என்பதையும் 'ஆஃப்' என்பதையும் ஏற்கிறது. நாளிதழில் பெயர்வடிவைப் படித்த கண், ஆய்வேட்டில் வினைவடிவை எழுதும்போது பழைய நினைவிலேயே செல்கிறது.

எழுவாய் இல்லாத இயல்

இனி இரண்டாவது பிழையைக் காண்போம். இஃது ஆங்கிலத்தில் மட்டுமன்றித் தமிழ் ஆய்வேடுகளிலும் மலிந்துள்ளது. 'இவ்வியலில் கிருஷ்ணகிரி வட்டார நாட்டுப்புறப் பாடல்களை ஆராய்கிறது' என்று எழுதுகின்றனர். ஆராய்வது எது? 'இவ்வியலில்' என்பது ஏழாம் வேற்றுமை ஏற்று நிற்பது. அஃது எழுவாயாதல் இயலாது. 'ஆராய்கிறது' என்னும் அஃறிணை ஒருமை வினைமுற்றோ எழுவாயை எதிர்நோக்கி நிற்கிறது. வினை இருக்கிறது, வினைமுதல் இல்லை.

தமிழில் தோன்றா எழுவாய் உண்டே என ஒருவர் வினவலாம். உண்டு. 'நாளை வருவேன்' என்றால் விகுதியே எழுவாயைக் காட்டிவிடும். ஆனால் ஈண்டு விகுதி காட்டும் பொருள் 'இயல்' ஒன்றே; அதனையோ நாம் இடப்பொருளில் மாற்றி வைத்துவிட்டோம். 'இவ்வியல் ... பாடல்களை ஆராய்கிறது' என்றாதல், 'இவ்வியலில் ... பாடல்கள் ஆராயப்படுகின்றன' என்றாதல் எழுதுதல் வேண்டும். இரண்டையும் கலந்து எழுதுதல் ஆகாது.

இக்கலப்பை அப்படியே ஆங்கிலத்திற்குக் கொண்டு சென்றால் 'இன் திஸ் சாப்டர் டிஸ்கஸஸ்' என்றாகும். ஆங்கிலத்தில் தோன்றா எழுவாய்க்கு அறவே இடமில்லையாதலின், அத்தொடர் அம்மொழி அறிந்தார் காதில் முறிந்த ஒலியாகவே படும். 'இன்' என்பதை எடுத்துவிட்டால் போதும், தொடர் நிமிர்ந்துவிடும். தமிழ்த் தொடரைச் செவ்விதாக எழுதப் பழகிய மாணவர் ஆங்கிலத் தொடரிலும் இப்பிழையை விரைவில் விட்டொழிப்பதைக் கண்டிருக்கிறேன். ஆங்கிலம் கற்பிக்கத் தமிழாசிரியன் எதற்கு என்று எம் ஊர்ப் பெரியவர் ஒருவர் ஒருமுறை வினவினார். அவருக்கு யான் அளித்த விடை இதுவே.

எல்லைநிலம் தந்த பாயிரவியல்

நூலையும் இயலையும் எவ்வாறு தொடங்குவது என்னும் ஆராய்ச்சி நமக்குப் புதிதன்று. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் 462 நூற்பாக்களை உடையது. அவற்றுள் பாயிரவியலுக்கு மட்டும் 55 நூற்பாக்கள். ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கை நூலுள் நுழையும் முறைக்கே அவர் ஒதுக்கினார். இந்நூல் எவர் வேண்ட எழுந்தது என்பது நம் பகுதியினர் அறிந்து மகிழத்தக்கது. மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்துச் சிற்றரசனாகிய சீயகங்கன் என்பான் வேண்டவே இஃது இயற்றப்பட்டது. அவனைக் கல்வெட்டுகள் குவளாலபுரத்துத் தலைவன் எனச் சிறப்பிக்கின்றன. குவளாலபுரம் என்பது இன்றைய கோலார்; எல்லைக்கு அப்பால் நம்மவர் வேலைக்கும் வணிகத்துக்கும் சென்று வரும் அதே கோலார். கன்னட நிலத்துப் பட்டம் தாங்கிய மன்னன் ஒருவன் வேண்ட, சமண முனிவர் ஒருவர் தமிழுக்கு இலக்கணம் செய்தார். அதற்கு மயிலைநாதர் என்னும் சமணர் உரை வகுத்தார். பின்னர்ச் சைவராகிய சங்கரநமச்சிவாயர் விருத்தியுரை கண்டார். சிவஞான முனிவர் அதனைத் திருத்தினார். இன்று எல்லாச் சமயத்து மாணவரும் அதனைப் பாடமாகப் பயில்கின்றனர்.

சிறப்புப்பாயிரத்தில் அமையவேண்டியன என நன்னூல் எட்டினைக் கூறும். நூல் செய்தவன் பெயர், அது வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்பதற்குரியோர், பயன் என்பன அவை. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர் என அந்நூலே குறிக்கிறது. இன்றைய ஆய்வேட்டின் முதலியலை எடுத்து வைத்து ஒப்பிடுக. முன்னோர் ஆய்வு, ஆய்வெல்லை, ஆய்வுப்பொருள், ஆய்வின் பயன் என்றெல்லாம் நாம் இடும் உட்தலைப்புகளுள் எத்தனை அப்பட்டியலிலேயே அடங்குகின்றன என்பது புலப்படும். மேனாட்டு ஆய்வுமுறை நூல்களைப் படித்துத்தான் இவற்றை அறியவேண்டும் என்னும் எண்ணம் நம் மாணவரிடையே உள்ளது. அது களையப்பட வேண்டியது.

நூல் முழுமைக்கும் பாயிரம் போல, இயல் ஒவ்வொன்றுக்கும் ஒரு நுழைவாயில் அமைத்தவர்கள் நம் உரையாசிரியர்கள். தொல்காப்பியம் மூன்று அதிகாரங்களும் அதிகாரத்திற்கு ஒன்பதாக இருபத்தேழு இயல்களும் கொண்டது. இளம்பூரணர் முதலிய உரையாசிரியர் புதிய இயல் தொடங்குமிடத்து, இவ்வோத்து எதனை உணர்த்த எழுந்தது, இதற்கு இப்பெயர் எதனால் வந்தது, முன்னை ஓத்தோடு இதற்கு இயைபு யாது என்னும் வினாக்களைத் தாமே எழுப்பித் தாமே விடை கூறுவர். 'நுதலுதல்' என்பது அவர்கள் கையாண்ட வினை. ஒன்றைக் கருதி எடுத்துக்கொள்ளுதல் என்பது பொருள். திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகரும் அதிகாரந்தோறும் 'அதிகார முறைமை' கூறுவார். இன்ன அதிகாரத்தின் பின் இன்ன அதிகாரம் வைத்தது எற்றுக்கு என்பதே அது.

இம்மூன்று வினாக்களையும் மாணவர் ஒரு தாளில் எழுதி மேசைமேல் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்ட பொருள் எது, தலைப்பின் கருத்து யாது, முன்னியலோடு தொடர்பு என்ன. இவற்றுள் மூன்றாவதையே நம் மாணவர் அறவே மறக்கின்றனர். ஒவ்வோர் இயலும் தனித்தீவாக நிற்கிறது. தேர்வாளர் வாய்மொழித் தேர்வில் முதலில் கேட்பதும் அதனையே.

ஓத்துக்கும் படலத்துக்கும் பழைய இலக்கணிகள் வேறுபாடு கூறினர். ஒரே இனத்து மணிகளை முறைப்படக் கோத்தாற் போல்வது ஓத்து. பலவகைப் பொருளும் விரவி வருவது படலம். ஆய்வேட்டில் நாம் 'இயல்' என்று பெயரிடுவது ஓத்து என்பதன் வழிவந்ததே. ஆகவே ஓர் இயலின் முகவுரையை ஒரே வினையால் எழுத இயலவில்லையெனின், குறை முகவுரையில் இல்லை. இரண்டு இன மணிகளை ஒரே நூலில் கோத்திருக்கிறோம் என்பதே பொருள். இயலை இரண்டாகப் பிரித்தல் நன்று.

வினையைத் தெரிந்தெடுத்தல்

ஆறு இயல்களுக்கும் ஒரே 'டிஸ்கஸஸ்', ஆறு இயல்களுக்கும் ஒரே 'ஆராய்கிறது' என்று எழுதுவது பிழையன்று. ஆனால் பொய்யாகிவிடக் கூடும். வட்டாரத்தின் நிலவமைப்பையும் ஊர்களையும் கூறும் இயல் எதனையும் ஆராய்வதில்லை; அது விவரிக்கிறது. ஆங்கிலத்தில் 'டிஸ்கிரைப்ஸ்'. ஒரு வழக்கின் தோற்றம் முதல் இன்றுவரை தொடர்ந்து சென்றால் 'ட்ரேசஸ்'. பெருஞ்செய்தியைச் சுருக்கிக் கோடிட்டுக் காட்டினால் 'அவுட்லைன்ஸ்'. முன்னோர் நூல்களை மதிப்பிட்டால் 'ரெவியூஸ்'. இரண்டை எதிரெதிர் வைத்து நோக்கினால் 'கம்பேர்ஸ்'. தம் முடிபு ஒன்றை நிலைநாட்ட முயன்றால் 'ஆர்க்யூஸ்'. நம் மாணவர் இச்சொல்லைச் சண்டையிடுதல் எனக் கருதி அஞ்சுகின்றனர். ஆய்வுலகில் அதற்குச் சான்று காட்டி நிறுவுதல் என்பதே பொருள். அஞ்ச வேண்டுவதில்லை, ஆனால் நிறுவுதற்கு உள்ளே சான்று இருத்தல் வேண்டும்.

'ஆன் அட்டெம்ப்ட் இஸ் மேட்' என்று தொடங்கும் வழக்கமும் உண்டு. தமிழில் 'முயற்சி மேற்கொள்ளப்பட்டுள்ளது' என்பர். அடக்கம் காட்ட எழுந்த தொடர் இது. ஓரிடத்தில் அழகு; எல்லா இயலிலும் வந்தால், முயன்றாரேயன்றி முடித்தாரல்லர் என்று படிப்போர் எண்ணிவிடுவர்.

'கம்ப்ரைசஸ்' என்பதற்கு 'ஆஃப்' சேராது. 'கன்சிஸ்ட்ஸ்' என்பதற்கு 'ஆஃப்' வேண்டும். 'தி ஃபர்ஸ்ட் சாப்டர்' என்பதில் முன்னடை உண்டு. 'சாப்டர் ஒன்' என்பதில் இல்லை. 'அட் ஃபர்ஸ்ட்' என்பது பின்னர் நிலைமை மாறிற்று என்னும் குறிப்புடையது. வரிசை சொல்ல 'ஃபர்ஸ்ட்' என்பதே போதும்.

உரைத்தாம், உரைத்தும்

காலம் காட்டுவதில் எழும் குழப்பம் இவற்றினும் பெரிது. இவ்வியல் செய்வதை நிகழ்காலத்தாற் கூறுவதே இருமொழிக்கும் வழக்கு. முன்னியல் செய்ததை இறந்தகாலத்தாற் கூறுக. பின்வரும் இயலை எதிர்காலத்தாலும் கூறலாம், நிகழ்காலத்தாலும் கூறலாம். ஆனால் ஒரே பத்தியில் இவ்வியலையே ஒருமுறை 'வில் டிஸ்கஸ்' என்றும் மறுமுறை 'டிஸ்கஸ்ட்' என்றும் எழுதினால், கட்டுரையாளர் எங்கு நிற்கிறார் என்பது தெரியாமற் போகும்.

நன்னூல் கூறும் முப்பத்திரண்டு உத்திகளுள் 'உரைத்தும் என்றல்', 'உரைத்தாம் என்றல்' என்னும் இரண்டு அடுத்தடுத்து நிற்கின்றன. பின்னர்க் கூறவேண்டியதனை இனிக் கூறுவோம் என்பது முன்னது. முன்னர்க் கூறியதனை மீண்டும் விரிக்காது, முன்பே கூறினோம் என்று சுட்டிச் செல்வது பின்னது. விகுதி ஒன்றே கால வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. இவ்விரண்டும் தன்மைப் பன்மை வினைகள் என்பதும் நோக்கத்தக்கது. 'நான்' என எழுதுவதா, 'நாம்' என்பதா, 'ஆய்வாளர்' என்பதா என்று இன்று ஓயாது வினவுகின்றனர். மூன்றும் வழக்கில் உள்ளன. பல்கலைக்கழகம் குறித்தபடி எழுதுக. குறிக்காதவிடத்து இயலையே எழுவாயாக்கிவிட்டால் அவ்வினாவே எழாது. யான் அதனையே விரும்புவேன்.

இடம் காட்டும் சொற்களில் இருமொழியும் வழுக்குகின்றன. 'தி லாஸ்ட் சாப்டர்' என்றால் சற்றுமுன் முடிந்த இயலும் ஆகலாம். நூலின் இறுதியியலும் ஆகலாம். முன்னதற்கு 'ப்ரீவியஸ்', பின்னதற்கு 'ஃபைனல்' அல்லது 'கன்குளூடிங்' என்று எழுதின் ஐயம் இல்லை. தமிழில் 'மேல்' என்னும் சொல் இவ்வாறே இருதலைப்பட்டது. 'மேற்கூறிய' என்றால் முன்பு கூறியது. 'இனிமேல்' என்றால் வரப்போவது. உரையாசிரியர் 'மேல்' என்பதை இருபொருளிலும் ஆண்டனர். சூழல் கொண்டு உணர்க என்று விட்டனர். சூழல் நோக்கிப் படிக்கும் பொறுமை இன்றைய தேர்வாளர்க்கு இருக்கும் என எதிர்பார்த்தல் ஆகாது. 'மூன்றாம் இயலில்' என எண்ணிட்டு எழுதிவிடுக.

சிறுதலையும் கதவும்

'சாப்டர்' என்னும் சொல் இலத்தீனில் 'சிறுதலை' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. நாம் 'தலைப்பு' என்கிறோம், எண்ணம் ஒன்றே. 'இன்ட்ரொடக்ஷன்' என்பது உள்ளே அழைத்துச் செல்லுதல். 'ப்ரிஃபேஸ்' என்பது முன்னே சொல்லுதல். 'ஃபோர்வேர்ட்' என்பதில் 'வேர்ட்' என்னும் சொல் உள்ளது. முன்னிற்கும் சொல் அது. அதனை 'முன்னோக்கி' எனப் பொருள்படும் 'ஃபார்வர்ட்' என்பதன் எழுத்துகளால் அச்சிட்டுவிட்ட மலர்கள் பல என் நூலடுக்கில் உள்ளன. அச்சகத்தாரை மட்டும் நொந்து பயனில்லை. மெய்ப்புத் திருத்தியவர் நாம்தாமே.

இவற்றுள் 'ஃபோர்வேர்ட்' பிறர் எழுதுவது. 'ப்ரிஃபேஸ்' நூலாசிரியர் தாமே நூல் பிறந்த கதையைச் சொல்வது. 'இன்ட்ரொடக்ஷன்' நூற்பொருளின் ஒரு பகுதி. தமிழில் அணிந்துரை, என்னுரை, முன்னுரை என இவற்றை முறையே கொள்ளலாம். சிறப்புப்பாயிரம் செய்தற்குரியார் ஆசிரியர், உடன்பயின்றார், மாணாக்கர், உரையாசிரியர் என நன்னூல் வகுத்ததும், தன்னைத் தான் புகழ்தல் தகாது என்றதும் இவ்வேறுபாட்டையே காட்டி நிற்கின்றன.

அரபு நூல்களில் இயலுக்கு 'பாப்' என்று பெயர். கதவு என்பதே அதன் நேர்ப்பொருள். மதரஸாவில் ஓதிய பெரியவர்கள் இதனை நன்கறிவர். பாரசீகத்தில் ஸஅதி இயற்றிய குலிஸ்தானும் எட்டு பாப்களாக அமைந்ததே. முன்னுரைக்கு அரபியில் 'முகத்திமா' என்பர். இப்னு கல்தூன் தம் உலக வரலாற்று நூலுக்கு 1377 இல் எழுதிய முகத்திமா, அந்நூலினும் பெரும்புகழ் பெற்றுத் தனிநூலாகவே உலகெங்கும் பயிலப்படுகிறது. அது மேதை ஒருவர்க்கு வாய்த்தது. மாணவர் தம் இயல் முகவுரையை அவ்வாறு வளர்க்கப் புகுந்தால், நன்னூலார் பத்துக்குற்றங்களுள் ஒன்றாக வைத்த 'மற்றொன்று விரித்தல்' வந்து சேரும். அரைப்பக்கம் போதும்.

உமறுப்புலவரின் சீறாப்புராணம் இவ்விரு மரபும் கைகோத்த இடம். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்றத்துக் காண்டம் என்னும் பெரும்பிரிவுகளின் பெயர்களில் அரபுச்சொல்லும் காண்டம் என்னும் வழக்கும் இணைந்தன. உட்பிரிவுகளுக்கோ, கம்பரைப் போலப் படலம் என்றே பெயரிட்டார், அவை 92. பிறப்பு, நபித்துவம், இடப்பெயர்வு எனக் காண்டத்தின் பெயரே அதன் நுதலிய பொருளைச் சொல்லிவிடுகிறது. தலைப்பு இவ்வாறு தெளிவாக அமையின் முகவுரையின் சுமை பாதியாகக் குறையும். சிலப்பதிகாரத்தின் பதிகமும் மணிமேகலையின் பதிகமும் நூலின் உட்பிரிவுகளை வரிசைப்படக் கூறிச் செல்வதும் ஒப்புநோக்கத்தக்கது. நம் ஆய்வேடுகளில் 'சாப்டரைசேஷன்' என்று ஒரு தலைப்பு இடுகின்றனர். இந்தியப் பல்கலைக்கழகங்களில் வழங்கும் சொல் அது. 'இயல்பகுப்பு' என்னும் தமிழ்ப்பெயர் அதனினும் நன்றாயிருக்கிறது.

தமிழாய்வு ஆங்கிலத்தில் எழுதப்பட்ட காலம் ஒன்றிருந்தது. மு. வரதராசனார் 1948 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வேடு, சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றியதாயினும் ஆங்கிலத்தில் அமைந்தது. தமிழுக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டினை ம. மு. உவைஸ் அவர்கள் முதலில் ஆங்கிலத்திலேயே ஆய்ந்தார். அது 1953 இல் நூலாயிற்று. பின்னர் அவரே பீ. மு. அஜ்மல்கானுடன் சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைத் தமிழில் பல தொகுதிகளாக எழுதினார். இவ்வாறு இருமொழியிலும் எழுதிய தலைமுறையினர் வழியாகவே, 'இவ்வியல் ஆராய்கிறது' என்னும் தொடர் நம் ஆய்வுரைநடையில் வேரூன்றிற்று என்பது என் கருத்து. இயல் ஆராயுமோ, ஆராய்வது மனிதரன்றோ எனச் சிலர் மறுப்பர். ஒத்து என் நுதலிற்று என்று ஓத்தினையே வினைமுதலாக்கிய உரைமரபு நமக்கு உண்டு என்பதால் அம்மறுப்பு நிற்காது.

இரவல் முகவுரை

இன்னொரு செய்தியைக் கூறாதிருத்தல் நேர்மையன்று. முதற்பத்தி எழுத வராத மாணவர் மூத்த மாணவர் ஒருவரின் ஆய்வேட்டைத் திறந்து, அதன் முதற்பத்தியைப் படியெடுத்துப் பெயர்களை மட்டும் மாற்றுகின்றனர். பல்கலைக்கழக மானியக் குழு 2018 இல் வெளியிட்ட விதிமுறைகளின் பின் ஆய்வேடுகள் கணினி வழியே ஒப்புமை பார்க்கப்படுகின்றன. பத்து விழுக்காட்டுக்கு மேல் ஒப்புமை இருப்பின் திருத்தி மீளத் தரவேண்டும், அதனினும் மிகின் தண்டனை உண்டு. ஆனால் என் கவலை அவ்விழுக்காட்டைப் பற்றியதன்று. இரவல் முகவுரை உள்ளே இல்லாததை வாக்களிக்கிறது. 'ஒப்பிட்டு ஆராய்கிறது' என்று வாயிலில் எழுதியிருக்கும். உள்ளே ஒப்பீடே இராது. இது சொற்பிழையினும் கொடிது.

சில ஆண்டுகளுக்கு முன் தக்னி பேசும் குடும்பத்து மாணவி ஒருவர் மாங்கனி மண்டிகளில் வழங்கும் தொழிற்சொற்களை ஆய்ந்தார். தந்தை மண்டியில் கூலிக்கணக்கு எழுதியவர். கிருஷ்ணகிரி மண்டியில் நான்கு மொழிகளும் ஒரே மூச்சில் வழங்கும். அச்சொற்களை அவர் தந்தையிடமும் தரகரிடமும் கேட்டுக் கேட்டுத் திரட்டியிருந்தார். செய்தி பொன் போன்றது. ஆங்கிலச் சுருக்கத்தின் மூன்றாம் பத்தியோ இரவல் வாங்கியது: 'இன் திஸ் சாப்டர் டிஸ்கஸஸ் அபௌட் தி வேரியஸ் ஆஸ்பெக்ட்ஸ்' என்றிருந்தது. 'என்னம்மா ஆஸ்பெக்ட்ஸ்?' என்று கேட்டேன். விழித்தார். 'அந்த இயலில் நீ என்ன செய்தாய், தமிழில் சொல்' என்றேன். 'எடைபோடும்போது சொல்லுகிற சொல்லெல்லாம் எந்த மொழியிலிருந்து வந்தது என்று பிரித்து வைத்தேன் ஐயா' என்றார்.

அதனையே எழுதுமாறு கூறினேன். தமிழில் இவ்வாறு எழுதினார்: 'முன்னியல் மண்டியின் அமைப்பை விவரித்தது. இவ்வியல் எடையிடுங்கால் வழங்கும் சொற்களை அவை வந்த மொழிவாரியாக வகைப்படுத்துகிறது. இவற்றுள் விலைபேசும் சொற்கள் நான்காம் இயலில் தனியே ஆராயப்படும்.' ஆங்கிலத்தில் முதல் வினையை 'டிஸ்கிரைப்ட்' என்றும், இரண்டாவதை 'கிளாஸிஃபைஸ்' என்றும், மூன்றாவதை 'வில் பி எக்ஸாமின்ட்' என்றும் அவரே தேர்ந்தார். 'அபௌட்' எங்கும் வரவில்லை. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அப்பத்தியை உரக்கப் படித்துவிட்டு, நான்காம் இயலைத் திறந்து விலைபேசும் சொற்களைத் தேடினார். அவை அங்கே இருந்தன.